பழைய பற்றரிப் பாடமும் புதிய பற்றரியும்

1990 இல் யாழ். குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. ரோச் லைற் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்டிருந்த அந்த வருடங்களில் எமது மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். கையிலிருந்த கார்ப் பற்றரியைப் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டார்கள். காய்ச்சி வடித்த நீர் விடவேண்டும், எப்போதும் முழுமையாக மின்னேற்றி வைக்கவேண்டும் என்பன அன்று வீடுதோறும் தெரிந்த பாடங்கள். ஈய அமிலப் பற்றரிக்கு அவை சரியானவையே. மின்னிறங்கிய நிலையில் கிடந்தால் அதன் தகடுகளில் ஈயச் சல்பேற்று இறுகிவிடும்.

1991 இல் யப்பானின் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த இலிதியம் அயன் பற்றரி வேறு இனம். இன்று காங்கேசன்துறையில் மீளக்குடியேறியோரின் வீடுகளிலும் படகுகளிலும் கைத்தொலைபேசி, சூரிய விளக்கு, மீன்பிடி விளக்கு என்று பல உருவங்களில் அது இருக்கிறது. பழைய பாடத்தை அதற்கும் பொருத்துவதில்தான் ஆபத்து.

முதலில் மின்னேற்றியைக் கவனிப்போம். சாதாரண இலிதியம் அயன் கலம் ஒன்றுக்கு 4.2 வோல்ற்றே உச்ச எல்லை. மூன்று கலங்களைத் தொடுத்து '12 வோல்ற்' என்று விற்கப்படும் பற்றரிக்கு 12.6 வோல்ற்றுக்கு மேல் ஏறக்கூடாது. கார்ப் பற்றரி மின்னேற்றியோ 14.4 வோல்ற் வரை தரும். அதாவது கலமொன்றுக்கு 4.8! நல்ல பற்றரிகளில் பாதுகாப்புச் சுற்று இருக்கும். மலிவானவற்றில் அதை நம்பமுடியாது. இலிதியம் இரும்புப் பொசுபேற்று வகை இவற்றைவிட உறுதியானது, ஆனால் அதன் எல்லை 3.65 வோல்ற். ஆகவே பற்றரியோடு வந்த மின்னேற்றியையே பாவிக்கவேண்டும்.

முற்றாக இறக்குவதும் கூடாது. மின்னழுத்தம் மிகத் தாழ்ந்தால் உள்ளேயிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மீண்டும் மின்னேற்றும்போது அந்தச் செப்பு உள்ளே குறுக்குச்சுற்றை உண்டாக்கலாம். நெடுநாள் செத்துக்கிடந்த பற்றரியை உயிர்ப்பிக்க முயலாதீர்கள்.

மாரியில் கடல் கொந்தளித்துப் படகுகள் கரையேறும் மாதங்களில் பற்றரியைப் பாதியளவு மின்னேற்றி, நிழலான, ஈரமில்லாத இடத்தில் வைப்பதே நல்லது. முழுமையாக ஏற்றி, தகரக் கூரையின் கீழ் வைத்தால் விரைவில் முதுமையடையும். உறைகுளிரில் மின்னேற்றவேண்டாம் என்று கனடாவிலுள்ள உறவினர் எச்சரிப்பர். எமக்கு வெயிலே எதிரி. 45 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறிய பற்றரியை ஆறவிட்டே மின்னேற்றவேண்டும். மெத்தையின்மேல், தலையணைக்கடியில், எல்லோரும் உறங்கும் நேரத்தில் மின்னேற்றுவது வேண்டாம்.

உப்புநீர் புகுந்த பற்றரியை உலர்த்திப் பாவிக்கக்கூடாது. 2022 இல் அமெரிக்காவின் புளோரிடாவில் சூறாவளியின்போது கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, நீர் வடிந்த பின்னரே தீப்பற்றின. வீங்கிய பற்றரியையும் அவ்வாறே வீட்டுக்கு வெளியே ஒதுக்கிவையுங்கள். தீப்பற்றினால் அதன் புகை நஞ்சு. முதலில் ஆட்களை வெளியேற்றவேண்டும். மின்சாரத்தைத் துண்டித்தபின், எட்ட நின்று பெருமளவு நீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். அணைந்தது மீண்டும் பற்றக்கூடும்.

வளவுக்குள் குப்பை கொளுத்தும் வழக்கம் எம்மிடம் உண்டு. பழைய பற்றரி அந்தக் குவியலுக்குள் போகாதிருக்கட்டும். முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, உலர்ந்த மணல் நிரப்பிய தகரப் பேணியில் இட்டு, மீள்சுழற்சிக்காகச் சேகரிப்போர் வரும்வரை வீட்டுக்கு வெளியே வைத்திருங்கள்.