வீட்டுத் தோட்டத்தில் ‘ஃபால்ட்’ கண்டுபிடிப்போம்!



சீலிங் ஃபேன் சுற்றவில்லை என்றால் உடனே கழற்றிக் காயலான் கடையில் போடுகிறோமா? இல்லை. சப்ளை வருதா, ரெகுலேட்டர் சரியா, கண்டென்சர் போச்சா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். ஆனால் கொல்லையில் ஒரு மரம் காய்க்கவில்லை என்றால் மட்டும் “வெட்டிப் போடு” என்கிறோம். இல்லாவிட்டால் ஏதோ ஒரு மருந்தை வாங்கி வந்து அடிக்கிறோம். ஆறு வருஷம் வளர்ந்த மரம் அரை மணியில் விறகாகிவிடும். அடித்த மருந்தோ சுற்றிச் சுற்றி நம் வீட்டுச் சமையலுக்கே வந்து சேரும்.

ஒர்க் ஷாப்பில் கற்ற அதே முறையை இங்கேயும் கையாள்வோம். முதலில் அறிகுறி, பிறகு காரணம், கடைசியில்தான் வைத்தியம்.

1. வேலி: மேலே அடர்த்தி, கீழே ஓட்டை

மருதாணி வேலி ஆறடி வளர்ந்து நிற்கும். ஆனால் அடியில் ஆடு புகுந்து வரும். குற்றம் செடியில் இல்லை, நம் கத்தரியில். செடியின் நுனி மொட்டில் சுரக்கும் ஆக்சின் என்னும் ஹார்மோன் பக்க மொட்டுகளை வளரவிடாமல் அடக்கி வைக்கிறது. நுனியை வெட்டினால், வெட்டிய இடத்தை ஒட்டிக் கிளைகள் வெடிக்கும். மேலேயே வெட்டினால் அடர்த்தியும் மேலேதான் வரும். ஆகவே செடி ஓரடி வந்ததுமே முதல் வெட்டு. அதற்கு மேல் அரையடி வளர்ந்ததும் மறு வெட்டு. ரீட்டெய்னிங் வால் போல அடி அகலமாகவும் உச்சி குறுகலாகவும் இருந்தால் கீழ் இலைக்கும் வெயில் கிடைக்கும். ஆட்டுத் தொல்லை அதிகம் என்றால் ஆடாதொடை, நொச்சி நடலாம்.

2. எலுமிச்சை, மா: இலை உண்டு, காய் இல்லை

பாத்திரம் கழுவுற தண்ணி முழுக்க அந்த மரத்துக்குத்தான் போகுதா? அங்கேதான் ஃபால்ட்! இந்த மரங்கள் பூக்குமுன் கொஞ்ச நாள் காய வேண்டும். எந்நேரமும் ஈரமும், அளவுக்கு மீறிய யூரியாவும் இருந்தால் துளிர்தான் வரும். தண்ணீரைத் தண்டை ஒட்டி ஊற்றக் கூடாது. பட்டை அழுகிப் பிசின் வடியும். உச்சிவேளையில் நிழல் விழும் ஓரத்தில்தான் உறிஞ்சும் வேர்கள் உண்டு. அங்கே வட்டப் பாத்தி போடுங்கள்.

எலுமிச்சை இலை சிறுத்து, நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் துத்தநாகக் குறை. லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டுடன், இலை கருகாதிருக்க அதில் பாதியளவு நீற்றிய சுண்ணாம்பும் கலந்து தெளிக்கலாம்.

3. பப்பாளி: பூக்கிறது, காய்க்கவில்லை

நீண்ட காம்பில் கொத்துக் கொத்தாகப் பூ தொங்கினால் அது ஆண் மரம். அதை என்ன செய்தும் பயனில்லை. பூக்கும்வரை ஆண், பெண் தெரியாது. அதனால் ஒரு குழிக்கு மூன்று கன்று வைத்து, பூத்தபின் ஒன்றை நிறுத்த வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ.3, கோ.7 ரகங்களில் இந்தத் தொல்லையே இல்லை. பெண் மரமும் இருபால் மரமும்தான் வரும்.

பப்பாளி நமக்கு ஒரு பெரிய பாடமும் சொல்லியிருக்கிறது. 2008-ல் கோவைப் பக்கம் வெள்ளை மாவுப்பூச்சி புகுந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் வெளுத்தன. உடம்பு மேல் மெழுகுப் பூச்சு இருந்ததால் மருந்து சரியாக ஏறவில்லை. அப்போது விஞ்ஞானிகள் கேட்ட கேள்வி, “எதை அடிப்பது?” என்பதல்ல, “இது பிறந்த ஊரில் ஏன் இப்படிப் பெருகவில்லை?” என்பது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி அது. அங்கே அதற்கு எதிரி உண்டு, இங்கே இல்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவியை வரவழைத்து, பெங்களூரில் பெருக்கி வயல்களில் விட்டார்கள். மாவுப்பூச்சி அடங்கியது.

4. முருங்கை: கம்பளிப்பூச்சி

பகலில் அடிமரத்தில் கூட்டமாக அப்பியிருக்கும். அதுதான் நமக்கு வசதி. பட்டை கருகாமல் தீப்பந்தத்தைக் காட்டினால் போதும். கீரையும் பூவும் பறித்துச் சாப்பிடுகிற மரத்தில் விஷ மருந்து வேண்டவே வேண்டாம்.

5. கொய்யா: பழத்துக்குள் புழு

இது பழ ஈயின் வேலை. விழுந்த பழத்தை அப்படியே விட்டால் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, அடுத்த ஈயாக வரும். தினமும் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். பிஞ்சிலேயே பழத்துக்குப் பை கட்டலாம். மெத்தில் யூஜினால் பொறி தொங்கவிட்டால் ஆண் ஈக்கள் வந்து சிக்கும். பழுக்கும் காயில் மருந்தடிப்பது, அடுத்த நாள் அதைத் தின்னப்போகும் குழந்தைக்கு அடிப்பது போலத்தான்.

நண்பர்களே, மரம் பேசாது. ஆனால் இலை, பூ, பட்டை எல்லாம் அது காட்டும் மீட்டர் ரீடிங். ரீடிங் எடுக்காமல் ரிப்பேர் செய்கிறவன் டெக்னீஷியன் அல்ல. கோடாலி எங்கேயும் ஓடிவிடாது. ஒரு வாரம் மரத்தைப் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள்!