லென்ஸுக்குள் தூசு: விடுவதா, பிரிப்பதா, சர்வீஸா?

பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் முதலில் செய்வது, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச் அடித்து உள்ளே பார்ப்பது. அந்த வெளிச்சத்தில் புது லென்ஸிலும் தூசு தெரியும். படத்தில் அது என்ன செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை முழுக்கத் திறந்தால், படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சுமார் 28 மி.மீ. அகலமுள்ள வட்டம் வழியாக ஒளி வந்து சேர்கிறது. முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிய 0.1 மி.மீ. தூசு மறைப்பது அதில் ஏறக்குறைய 78,000-இல் ஒரு பங்கு. எஃப்/16-க்குச் சுருக்கினால் வட்டம் 3 மி.மீ. ஆகி, மறைவது ஆயிரத்தில் ஒரு பங்காகும். அப்போதும் தூசு ஃபோகஸுக்கு வெளியே கிடப்பதால் புள்ளியாக விழுவது அரிது. எனவே சும்மா விடுவதுதான் முதல் தேர்வு.

'வானத்தில் கருப்புப் புள்ளி விழுகிறதே' என்பார்கள். பெரும்பாலும் அது சென்சார் மேலிருக்கும் தூசு. எஃப்/22-இல் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் கலைத்து எடுத்து, லென்ஸை மாற்றி மறுபடி எடுங்கள். புள்ளி அதே இடத்தில் நின்றால் லென்ஸ் மேல் குற்றமில்லை. சென்சாரைச் சுத்தம் செய்தால் போதும். லென்ஸ் தூசு உண்மையிலேயே தொல்லை தரும் இடங்களும் உண்டு. பின்கண்ணாடி சென்சாருக்கு அருகில் இருப்பதால் அங்கே ஒட்டியது சிறிய அப்பர்ச்சரில் தெரியலாம். வெளிப்புறம் என்றால் ப்ளோயரில் ஊதினாலே போய்விடும். எதிர்வெயிலில் தூசு மண்டிய லென்ஸ் கான்ட்ராஸ்ட்டைக் குறைக்கும். இரவுப் படங்களில் பின்னணி விளக்குகள் வட்டமாக மங்கும்போது, அந்த வட்டங்களுக்குள் தூசு துல்லியமாகத் தெரியும். திருமண வரவேற்புகளையே தொழிலாக எடுப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. சர்வீஸுக்குக் கொடுப்பதில் நியாயம் உண்டு.

வீட்டிலேயே பிரிப்பது எனக்கு ஒப்பாத வழி. இன்றைய ஜூம் லென்ஸில் சில கண்ணாடிகள் மெல்லிய தகடுகள் வைத்து நேர்படுத்தப்பட்டவை. அவை நூலிழை நகர்ந்தாலும் படத்தின் ஒரு ஓரம் மங்கிவிடும். தூசு செய்யாத கெடுதலை ஸ்க்ரூட்ரைவர் செய்துவிடும். ஹீலியோஸ் 44-2 போன்ற பழைய மேனுவல் லென்ஸ்கள் விதிவிலக்கு: உள்ளே மோட்டாரும் இல்லை, மின்னணுவும் இல்லை, கெட்டாலும் நஷ்டம் குறைவு. வேக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சும் வைத்தியம் வேண்டாம். சர்வீஸும் நிரந்தரத் தீர்வல்ல: ஜூமை நீட்டிச் சுருக்கும்போது காற்று போய்வருகிறது, தூசும் கூடவே வருகிறது. கேனானின் பழைய 100-400 மி.மீ. ஜூமுக்குத் 'தூசுப் பம்பு' என்ற பட்டப்பெயரே உண்டு. இன்று சுத்தம் செய்தாலும் சில மாதங்களில் திரும்ப வரும் என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் சர்வீஸ் கட்டணத்தை எடைபோட வேண்டும். விற்கும்போது விலை குறையுமே என்பது சரிதான். ஆனால் குறையும் தொகையைவிடக் கட்டணம் கூடுதலென்றால் சர்வீஸ் எதற்கு?

பூஞ்சை மட்டும் வேறு கதை. சிலந்தி வலைபோல் இழையோடினால் அது தூசு அல்ல. விட்டுவைத்தால் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். அப்போது தாமதிக்காமல் சர்வீஸ்தான். கடற்கரை ஊர்களில் ஈரப்பதம் மிகுதி என்பதால், தூசுக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தை 40-50 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருக்கும் ட்ரை கேபினட்டில் போடுவது மேல். அது முடியாவிட்டால் காற்றுப் புகாத டப்பாவும் சிலிகா ஜெல்லும் போதும். ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்த மறக்கக் கூடாது.