குமுளி ஏற்றத்தில் கரும்புகை

கேள்வி: 2006-ஆம் வருஷத்து மாருதி 800 எம்.பி.எஃப்.ஐ. வைத்திருக்கிறேன். லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி ஏறுகையில் கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வருகின்றன. கலவையில் பெட்ரோலைக் குறைத்து வைக்கலாமா?
– வாசகர் ஒருவர், கம்பம்

பதில்: கார்புரேட்டர் வண்டியில் ஸ்குரூவைத் திருகிக் கலவையைக் குறைத்த வழக்கம், இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் பெறும் உங்கள் எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் செல்லாது. ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள குமுளியை நெருங்க நெருங்கக் காற்று அடர்த்தி குறைவது வாஸ்தவமே எனினும், உட்புகும் காற்றின் அழுத்தத்தை மேப் சென்சாரும், புகைக்குழாயில் எஞ்சிய பிராணவாயுவை ஆக்ஸிஜன் சென்சாரும் ஓயாமல் அறிவித்துவர, எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்னும் விகிதத்தை இஞ்சின் கம்ப்யூட்டரே நிர்ணயிக்கிறது. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து ஏறும்போது மட்டும் அது பெட்ரோலைச் சற்றுத் தாராளமாக ஊற்றும். கரும்புகையோ வியாதியின் லக்ஷணம். பானெட்டைத் திறந்து, மேப் சென்சாருக்குச் செல்லும் மெல்லிய ரப்பர் குழாயின் முனையை வளைத்துப் பாருங்கள். அதில் வெடிப்பிருந்தால், வெளிக்காற்று புகுந்து அழுத்தத்தை மிகைப்படுத்திக் காட்ட, கம்ப்யூட்டரும் அதை நம்பிப் பெட்ரோலை வாரி இறைக்கும். இஞ்சின் சூடேறிய பின்னும் குளிர்ந்திருப்பதாகவே அறிவிக்கும் டெம்பரேச்சர் சென்சாரும், ஒழுகும் இன்ஜெக்டரும் அடுத்த சந்தேகங்கள். பழுது நீங்கியதும் புகைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பாரத் ஸ்டேஜ் 2 மாசு விதிக்கு உட்பட்ட வண்டிக்கு ஐடிலில் கார்பன் மோனாக்ஸைடு 0.5 சதவீதத்தைத் தாண்டலாகாது.