இலக்கமும் பெயரும்
(படங்களுக்கும் அட்டவணைகளுக்கும் கணினி இலக்கமிடும் முறை)

நூலொன்றிற் படங்களும் அட்டவணைகளும் வருமாயின் அவற்றிற்கு இலக்கமிடுதலும், "இன்ன படத்தைக் காண்க" என உரையினிடையே சுட்டுதலும் வழக்கம். அச்சுட்டு அளவாற் சிறிது; எனினும் எழுதுவோன் படிப்போனுக்குக் கொடுக்கும் வாக்குறுதி அது. அவ்வாக்குப் பொய்யாமற் காத்தற்குக் கணினி எவ்வாறு துணைபுரிகின்றது, அத்துணையின் எல்லை யாது என்னும் இரண்டையும், யாம் செய்த பிழையொன்றை முன்வைத்து ஈண்டு ஆராய்வோம்.

எம் வகுப்பினர் சிலர் செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரஞ் சென்று பல்லவர் சிற்பங்களைக் கண்டு, முதலாண்டு மாணவர்க்கெனக் கையேடொன்று தொகுத்தோம். ஏறக்குறைய வடக்கிலிருந்து தெற்காகச் செல்வது அதன் முறை. சாளுவன்குப்பத்துப் புலிக்குகை 1ஆம் படம். அதிரணசண்ட மண்டபம் 2. வராக மண்டபம் 3. அருச்சுனன் தபசு எனப்படும் பெரும்பாறைச் சிற்பம் 4. கிருஷ்ண மண்டபத்தில் ஆவைக் கறக்கும் காட்சி 5. மகிடாசுரமர்த்தினி மண்டபத்தில் அன்னை புரியும் போர் 6. அம்மண்டபத்தின் எதிர்ச்சுவரில் திருமாலின் அறிதுயில் 7. கடற்கரைக் கோயில் 8. ஐந்து இரதங்கள் 9. இவ்விலக்கங்களையெல்லாம் யாமே ஒவ்வொன்றாகத் தட்டெழுதினோம்.

அச்சுக்குக் கொடுக்கும் நாளில் ஆசிரியர் ஒருவர், "சாளுவன்குப்பத்து முருகன் கோயில் எங்கே?" என வினவினார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அவ்வூர்க் கடற்கரையிற் பாறையொன்றிலிருந்த கல்வெட்டுகளை வெளிப்படுத்தியது. அவற்றைத் துணைக்கொண்டு 2005இல் தொல்லியல் துறையினர் அகழ்ந்து, மணலிற் புதையுண்டிருந்த செங்கற் கோயிலின் அடித்தளத்தைக் கண்டனர். இத்தகைய கோயிலை விடுதல் முறையன்று என உணர்ந்து, அதன் படத்தை 3ஆவதாகச் சேர்த்தோம். அதன் பின் நின்ற படங்களின் தலைப்புகளில் இலக்கத்தை ஒவ்வொன்று கூட்டினோம். உரையினிடையே சிதறிக்கிடந்த சுட்டுகளைத் திருத்த மறந்தோம்.

விளைவு யாதெனிற் கூறுவோம். "போரின் வேகத்தை 6ஆம் படத்திற் காண்க" என்றது எம் உரை. அங்கே ஒருவர் அமைதியாகப் பால் கறந்துகொண்டிருந்தார். "உறக்கத்தின் அமைதியை 7ஆம் படத்திற் காண்க" என்றோம். அங்கே அன்னை சிங்கத்தின்மேல் அமர்ந்து எருமைத் தலையனோடு பொருதாள். இதனைப் படித்த முதலாண்டு மாணவரொருவர் எம்மிடம் வந்து, "அண்ணா, எனக்குச் சிற்பம் பார்க்கத் தெரியவில்லை போலும், எத்துணை நேரம் நோக்கினும் அமைதி புலப்படவில்லை" என்றார். பிழை எம்முடையது, நாணியவரோ அவர். அச்சொல்லே எம்மை இப்பொருளை ஆராயத் தூண்டியது.

இலக்கம் இடத்தைப் பற்றியது

எம் பிழையின் வேர், இலக்கத்தைப் பெயரெனக் கருதியமையே. இலக்கம் ஒரு பொருள் நிற்கும் இடத்தைக் காட்டும். இடையில் ஒன்று புகின் அது மாறும். பெயரோ பொருளோடு நிற்பது. இவ்வூரினையே நோக்குக. பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்த மாமல்லபுரம் 1997இற் காஞ்சிபுரம் மாவட்டத்ததாயிற்று. 2019இல் மீண்டும் செங்கற்பட்டு மாவட்டத்ததாயிற்று. ஊரின் பெயரும் கல்லும் மாறவில்லை. வரிசையும் வகுப்புமே மாறின.

திருமறையிலும் இதற்குச் சான்றுண்டு. கர்த்தரை மேய்ப்பராகப் பாடும் சங்கீதம் எபிரேய முறையில் 23ஆவது. கிரேக்க, இலத்தீன் முறைகளில் 22ஆவது. 9ஆம் 10ஆம் சங்கீதங்களை அவை ஒன்றாகக் கொண்டமையே காரணம். திருக்குறளிலும் ஓர் அதிகாரத்துட் குறட்பாக்கள் நிற்கும் வரிசை மணக்குடவர்க்கும் பரிமேலழகர்க்கும் பல இடங்களில் வேறுபடும். ஆகலின் இலக்கத்தை மட்டுங் கூறின் எவ்வுரைப் பதிப்பென்பதையுங் கூறல் வேண்டும்.

நம் முன்னோர் இதனை அறிந்தே பாட்டையும் நூற்பாவையும் முதற்குறிப்பாற் சுட்டினர். யாப்பருங்கலக்காரிகையில் உதாரணச் செய்யுட்களின் முதற்குறிப்புகளைத் தொகுத்து நினைவூட்டும் முதனினைப்புக் காரிகைகள் உள. பெயர் கூறாது விடுதலின் துன்பத்தையும் தமிழுலகம் அறியும். உரையாசிரியர் "என்றார் பிறரும்" என மேற்கோள் காட்டிச் சென்ற இடங்களில், அது எந்நூலினது எனத் தேடி உ. வே. சாமிநாதையர் பட்ட பாடு சிறிதன்று.

கணினி செய்வது யாது?

கணினியின் முறையும் இதுவே. எழுதுவோன் இலக்கத்தை எழுதுவதில்லை. படத்தின் தலைப்பில் "கொற்றவை" என்றாற்போல ஓர் அடையாளப் பெயரை மறைவாக இடுகின்றான். சுட்டவேண்டிய இடத்தில் அப்பெயரையே குறிக்கின்றான். அப்பெயர் தாங்கிய படம் அப்பொழுது எத்தனையாவதாக நிற்கின்றதோ, அவ்விலக்கத்தைக் கணினி எண்ணி இரண்டிடத்தும் இடுகின்றது.

டொனால்டு நூத் என்னும் அறிஞர் 1978இல் வெளியிட்ட டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின்மீது, லெஸ்லி லாம்போர்ட் 1980களில் அமைத்த லாட்டெக் இதனைத் தெளிவாகக் காட்டும். 2ஆம் பக்கத்தில் நின்று 30ஆம் பக்கத்துப் படத்தைச் சுட்டினால், அதன் இலக்கம் அப்பொழுது கணினிக்குத் தெரியாது. ஆகவே முதன்முறை ஓடுகையில் அறியாத இடத்தில் இரண்டு வினாக்குறிகளை இட்டுச் செல்லும். படங்களைக் கண்டுழி அவற்றின் பெயரையும் இலக்கத்தையும் ஒரு துணைக்கோப்பிற் பதிந்துகொள்ளும். இரண்டாம்முறை ஓடுகையில் அக்கோப்பைப் பார்த்து வினாக்குறிகளை நீக்கி இலக்கங்களை நிரப்பும். ஒருமுறை மட்டும் ஓட்டிவிட்டு, "கணினி கெட்டது" என நொந்துகொள்வோர் இதனை நினைவிற் கொள்க.

வேர்டு, லிப்ரே ஆபிஸ் ரைட்டர் ஆகியவற்றில், படத்தைத் தெரிவுசெய்து தலைப்பைச் சேர்க்கும் கட்டளையைக் கொடுத்தல் வேண்டும். வகைப்பெயராகப் "படம்" எனவும் "அட்டவணை" எனவும் தமிழிலேயே அமைத்துக்கொள்ளலாம். இவ்விரண்டும் தனித்தனி எண்ணப்படும். பின்னர், சுட்டுமிடத்திற் குறுக்குக் குறிப்பைச் சேர்க்கும் கட்டளையாற் படத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். இடையில் ஒரு படம் புகுந்தபின், வேர்டிற் சுட்டுகள் தாமே உடனே மாறும் என நம்பியிருத்தல் ஆகாது. ஆவணம் முழுவதையும் தெரிவுசெய்து எப்9 விசையை அழுத்தினால் அவை புதுப்பிக்கப்படும். சுட்டிய படத்தின் தலைப்பை நீக்கியிருந்தால், மூலங் காணப்படவில்லை என்னும் பிழைச்செய்தி சுட்டின் இடத்தில் தோன்றும். அச்சுக்கு முன் அதனைத் தேடிக் களைதல் கடன்.

கைக்கொள்ள வேண்டிய நெறிகள்

முதலாவது, அடையாளப் பெயரில் இலக்கத்தைப் புகுத்தலாகாது. "படம்ஏழு" எனப் பெயரிட்டால், அது எட்டாவதாகும் நாளிற் பெயரே பொய்யாகும். மாமல்லபுரத்தைப் பழைய ஐரோப்பிய மாலுமிகள் ஏழு கோயில் என்னும் பொருள்பட அழைத்தனர். கரையில் நிற்பது ஒன்றாக, ஏனைய ஆறும் எங்கே எனக் கடலடியில் தேடும் கதை இன்றளவும் ஓய்ந்திலது. பெயரில் ஓர் எண் புகுந்ததன் பயன் இது!

இரண்டாவது, "மேலே உள்ள படம்", "கீழே உள்ள படம்" எனச் சுட்டலாகாது. பக்கம் அமைக்கையிற் படம் இடம்பெயரக் கூடும். மேலும், பழைய உரைகளில் "மேல்" என்னுஞ் சொல் முன்னர்க் கூறியதையுங் குறிக்கும், இனிக் கூறப்போவதையுங் குறிக்கும்.

மூன்றாவது, லாட்டெக்கில் அடையாளப் பெயரைத் தலைப்புக்குப் பின்னரே இடுக. முன்னர் இட்டாற் படத்தின் இலக்கத்திற்கு மாறாகப் பகுதியின் இலக்கம் வந்து நிற்கும்.

முடிவுரை

இவையெல்லாம் செய்தபின்னரும் ஒரு கடமை எஞ்சி நிற்கின்றது. கணினி இலக்கத்தை அறியும், சிற்பத்தை அறியாது. "அறிதுயில்" என்னும் அடையாளத்தை யாம் தவறிப் போர்க்காட்சிக்கு இட்டுவிட்டால், அப்பிழையை ஒவ்வொரு பக்கத்திலும் சிறிதும் வழுவாது பரப்பும். ஆதலின் கையேட்டின் இரண்டாம் அச்சுக்கு முன், ஒருவர் சுட்டைப் படிக்க, மற்றொருவர் படத்தைத் திறந்து காட்ட, தொடக்கமுதல் இறுதிவரை ஒப்புநோக்கினோம். காட்டியவர், முன்னர்த் தம்மையே நொந்துகொண்ட அம்முதலாண்டு மாணவர். அறிதுயிற் படம் வந்தபொழுது அவர் சிறிது நேரம் நோக்கியிருந்து, "இப்பொழுது தெரிகின்றது" என்றார்.