டேட்டாவை நகர்த்தாதீர்கள், வால்யூமை மாற்றுங்கள்

கேள்வி: அமேசான் கிளவுடில் 500 ஜிகாபைட் ஜிபி2 வால்யூமில் எங்கள் கடையின் டேட்டாபேஸ் ஓடுகிறது. ஜிபி3-க்கு மாற, புது வால்யூம் போட்டு எல்லாவற்றையும் காப்பி செய்ய வேண்டுமா? எவ்வளவு நேரம் சேவையை நிறுத்த வேண்டும்?

பதில்: நிறுத்தவே வேண்டாம். இபிஎஸ் வால்யூமின் வகையை, சர்வரிலிருந்து கழற்றாமல் ஓடும்போதே மாற்றும் வசதி 2017 முதல் இருக்கிறது. வால்யூமைத் தேர்ந்தெடுத்து வகையை மாற்றுங்கள். மாற்றம் பின்னணியில் நடக்க, டேட்டாபேஸ் வழக்கம்போல இயங்கும். கையால் காப்பி செய்வதில்தான் ஆபத்து அதிகம்: காப்பி ஓடும்போது வரும் ஆர்டர்கள் பழைய வால்யூமிலேயே தங்கிவிடும். ஓடுகிற டிஸ்க்கில் கைவைப்பதா என்று தயங்குவது நியாயமே. அதனால் முதலில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள், கூட்டம் குறைந்த நேரத்தில் தொடங்குங்கள்.

நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டியது வேகத்தை. உங்கள் ஜிபி2 வால்யூமுக்கு ஒரு ஜிகாபைட்டுக்கு 3 வீதம் 1,500 ஐஓபிஎஸ்தான் நிரந்தரம். 3,000 என்பது சேமித்த கிரெடிட் தீரும்வரைதான். ஜிபி3-யில் 3,000 எப்போதும் உண்டு. ஆனால் ஜிபி2 நொடிக்கு 250 மெகாபைட் வரை தரும், ஜிபி3-யின் அடிப்படை அளவோ 125. எனவே மாற்றும்போதே த்ரூபுட்டை 250 என்று நீங்களே குறிப்பிடுங்கள். கூடுதல் கட்டணம் சேமிப்பை விழுங்கிவிடாதா? விழுங்காது. வடக்கு வர்ஜீனியா விலைப்படி ஜிபி2-வுக்கு மாதம் 50 டாலர்; ஜிபி3-க்கு 40, அந்தக் கூடுதல் வேகத்துக்கு 5. வேகமும் குறையாது, மாதம் 5 டாலர் மிச்சம்.