கிளினிக்குக்கு இடம் பார்க்கிறீர்களா?

புதிதாக கிளினிக் போடும் டாக்டர்கள் பலர் முதலில் யோசிப்பது முகப்பைப் பற்றி. கண்ணாடிக் கதவு, ஒளிரும் பெயர்ப்பலகை, ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் மரப்பலகை ஒட்டிய சுவர். ஆனால் மாலை ஓ.பி.க்கு வருகிற ஒருவர் டாக்டர் முன்னால் உட்காருவது ஐந்து நிமிடம். வெளியே காத்திருப்பது ஒரு மணி நேரம், கூட்ட நாளில் அதற்கும் மேல். சதுர அடியும் செலவும் இந்தக் கணக்கின்படி போக வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஒரு டாக்டர், ஒரு சிஸ்டர், ஒரு கம்பவுண்டர் என்று நடக்கிற தாலுகா ஊர் கிளினிக்கை மனதில் வைத்தே இதைச் சொல்கிறேன்.

இடம் தேடினால் பெரும்பாலும் மூன்று வகைதான் கையில் வரும். கடைவீதியில் தரைத்தளக் கடை. கிட்டத்தட்ட அதே வாடகைக்கு மாடியில் இரண்டு மடங்கு இடம். உள்தெருவில் வேப்பமரத்தோடு ஒரு பழைய வீடு.

மாடி இடம் ஆசை காட்டும். லிஃப்ட் இருக்கிறது என்பார் உரிமையாளர். கரண்ட் போனால் அது ஜெனரேட்டரில் ஓடுமா, அதற்குள் வீல்சேர் நுழைகிறதா, கதவு மூடிய பிறகு தள்ளுகிறவருக்கும் நிற்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். சின்ன லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் போகவே போகாது. மயங்கி விழுந்தவரை நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியிறங்குவதுதான் நடக்கும். தோல், பல் மாதிரி பிரிவுகளுக்கு மாடி சரிப்படலாம். பொது மருத்துவம், எலும்பு, சர்க்கரை, மகப்பேறு என்றால் வேண்டாம்.

தரைத்தளக் கடையில் பார்க்க வேண்டியது வாசற்படி. அரை அடிப் படி மூன்று என்றால் ஒன்றரை அடி உயரம். மத்திய அரசின் அணுகல் வழிகாட்டுதல் நெறிகள் சொல்லும் சரிவு, ஒன்றுக்குப் பன்னிரண்டு. அப்படியானால் ஒன்றரை அடி ஏற 18 அடி நீளச் சாய்தளம் வேண்டும். தரகர் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார். நாலடி நீளத்தில் செங்குத்தாக ஒரு சிமென்ட் சரிவு இருக்கும், அதைக் காட்டி ‘ரேம்ப் இருக்குதுங்க’ என்பார். அது டூவீலர் ஏற்றப் போட்டது. வீல்சேரை அதில் ஏற்றினால் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும், இறக்கும்போது உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். ஆகவே ஒற்றைப் படியோடு இருக்கும் கடையையோ, பக்கவாட்டில் சாய்தளம் போட நீளம் உள்ள கடையையோ தேடுங்கள். படி தாழ்வாக இருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே வருமா என்று பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்துக்கொள்வது நல்லது. ரோடு போடும் ஒவ்வொரு முறையும் நம் ஊரில் தெரு உயர்கிறது, கடை உயர்வதில்லை.

பழைய வீட்டுக்கு என் ஓட்டு பாதி உண்டு. ஜன்னல்கள் இருக்கும், உயரமான கூரை இருக்கும், கூட்டம் வழிந்தால் திண்ணையும் மரநிழலும் தாங்கிக்கொள்ளும். குறை என்னவென்றால், ஓர் அறை வழியாகத்தான் இன்னோர் அறைக்குப் போக முடியும். குளியலறைக் கதவு இரண்டரை அடிக்கு மேல் இருக்காது. போதாததற்கு ஒவ்வொரு நிலையிலும் ஒரு வாசற்படி. வீல்சேர் தடையில்லாமல் போக, திறந்த கதவின் இடைவெளி மூன்று அடியாவது வேண்டும். கதவுகளை மாற்றவும் படிகளைச் சமப்படுத்தவும் உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தால் கடையைவிட வீடே மேல். சம்மதிக்காவிட்டால் மரத்தைப் பார்த்து மயங்காதீர்கள்.

அடுத்தது டோக்கனா, அப்பாயின்ட்மென்ட்டா? இதை இடத்தோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் எத்தனை நாற்காலி போட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இதுதான். மணிக்குப் பத்து பேர் வருகிறார்கள், சராசரியாக ஒரு மணி நேரம் காத்திருக்கிறார்கள் என்றால் எந்நேரமும் பத்து நோயாளிகள் ஹாலில் இருப்பார்கள். துணைக்கு ஆளுக்கொருவர், ஆக இருபது இருக்கை. ஆளுக்குப் பன்னிரண்டு சதுர அடி வைத்தாலும் 240 சதுர அடி போய்விடும். காத்திருப்பை அரை மணியாகக் குறைத்தால் இடமும் பாதியாகிவிடும். வாடகையைக் குறைக்க இதைவிட நேர்வழி கிடையாது.

இங்கிலாந்தில் புள்ளியியலாளர் நார்மன் பெய்லி 1952-ல் மருத்துவமனை ஓ.பி. வரிசைகளை ஆராய்ந்து ஓர் எளிய முறையைச் சொன்னார். தொடக்க நேரத்துக்கே இரண்டு பேரை வரச் சொல்ல வேண்டும். அடுத்தவர்களை, ஒருவரைப் பார்க்கச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆகிறதோ அந்த இடைவெளியில் ஒவ்வொருவராக. டாக்டரும் சும்மா இருக்க மாட்டார், ஹாலும் நிரம்பாது. நகரத்தில் இது நடக்கும். கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவரிடம் ‘6.40-க்கு வாங்க’ என்று சொல்லிப் பயனில்லை. அவருக்கு வண்டி வருகிற நேரம்தான் நேரம். அவர்களுக்குக் கொத்துக் கொத்தாக டோக்கன் கொடுப்பது உத்தமம்: ஒன்று முதல் ஆறு வரை ஐந்தரைக்கு, ஏழு முதல் பன்னிரண்டு வரை ஆறு மணிக்கு என்று. நடுவில் இரண்டு டோக்கனைக் கைக்குழந்தைக்கும் காய்ச்சல்காரருக்கும் ஒதுக்கி வையுங்கள். போர்டில் ஐந்தரை என்று போட்டுவிட்டு டாக்டர் ஆறரைக்கு வந்தால் எந்த முறையும் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காத்திருக்கும் ஹாலில் ஏ.சி.யா, ஜன்னலா என்பதில் டாக்டர்களே தடுமாறுகிறார்கள். சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. அறைக் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. கதவைச் சாத்திவிட்டு இருபது பேர் உட்கார்ந்தால், ஒருவரின் இருமல் எல்லோருக்கும் பங்கு. காசநோய் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. ஜன்னலும் கதவும் திறந்திருந்த அறைகளில் காற்று மணிக்கு 28 முறை மாறியது. இயந்திரக் காற்றோட்டம் வைத்த நவீன அறைகளில் 12 முறை. உயரக் கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட பழங்காலக் கட்டடங்கள், புதிய கட்டடங்களைவிடப் பல படி மேலாக இருந்தன. உலக சுகாதார நிறுவனமும் 2009-ல் வெளியிட்ட நெறிமுறையில், ஓ.பி. பகுதிக்கு ஒரு நோயாளிக்கு நொடிக்கு 60 லிட்டர் காற்று வேண்டும் என்றது. மூடிய ஏ.சி. ஹாலில் இது கனவிலும் நடக்காது.

எனவே ஹாலுக்கு எதிரெதிர் ஜன்னல், கொசுவலை, மேலே ஃபேன். வலை காற்றைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அதனால் ஜன்னலைப் பெரிதாக வையுங்கள். டெங்கு ஊரில் வலை இல்லாமல் முடியாது. டாக்டர் அறைக்கு ஏ.சி. வைத்துக்கொள்ளலாம், ஆனால் திறக்கக்கூடிய ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் கட்டாயம். எக்ஸாஸ்ட் நோயாளி பக்கச் சுவரில் இருக்கட்டும். புதுக்காற்று டாக்டரைத் தாண்டி நோயாளியிடம் போய் வெளியேற வேண்டும்.

நாற்காலியில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. மூன்று பேர் உட்காரும் ஸ்டீல் வரிசை மலிவு, கழுவ எளிது, அசையாது. கைப்பிடி இருப்பதை வாங்குங்கள். முழங்கால் வலிக்காரர் அதை ஊன்றித்தான் எழுவார். வீல்சேர் நிற்க வரிசை ஓரத்தில் மூன்றடிக்கு நாலடி காலியாக விடுங்கள். டி.வி. வேண்டுமா என்றால் வேண்டாம் என்பேன். சீரியல் சத்தத்தில் டோக்கன் நம்பர் காதில் விழாது. அந்தப் பணத்துக்கு நம்பர் காட்டும் போர்டு வைக்கலாம்.

டாக்டர் அறைக்கு வருவோம். இங்கேதான் மிச்சம் பிடிக்கக் கூடாத இடத்தில் மிச்சம் பிடிக்கிறார்கள். பிளைவுட் தடுப்பு ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிடும்; பேச்சு அதற்கு மேலே ஏறி வெளியே இறங்கும். ‘எத்தனை மாசமா பீரியட்ஸ் வரலை?’ என்று உள்ளே கேட்டால் வெளியே பத்து பேர் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். நாலரை அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் தளம் வரைக்கும். தடுப்புதான் முடியும் என்றாலும் அதுவும் தளம் வரை போக வேண்டும். தள்ளுகதவு இடத்தை மிச்சப்படுத்தும், வீல்சேருக்கும் வசதி, ஆனால் ஓரங்களில் சத்தம் கசியும். என் தேர்வு கீல் வைத்த கனமான கதவு. திறக்கும்போது பலகையே படுக்கையை மறைக்கும் பக்கமாகக் கீலை வைக்கச் சொல்லுங்கள். தச்சருக்கு இதில் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

நோயாளியை மேஜைக்கு எதிரே உட்கார வைப்பதா, பக்கத்தில் வைப்பதா? எதிரே வைத்தால் நடுவில் கம்ப்யூட்டர் வந்துவிடும். மேஜை மூலையை ஒட்டிக் கைப்பிடி நாற்காலி போட்டால் டாக்டர் எட்டி நாடி பார்க்கலாம், ரிப்போர்ட்டை இருவரும் சேர்ந்து பார்க்கலாம். சுழலும் ஸ்டூல் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைக்க வசதிதான், ஆனால் தள்ளாடும் வயதானவருக்கு அது ஆபத்து. இரண்டும் இருக்கட்டும், முதலில் உட்கார வைப்பது நாற்காலியில். துணைக்கு வந்தவருக்கும் ஓர் இருக்கை வேண்டும். மருந்தைப் பற்றிக் கேட்டுக்கொள்வது பெரும்பாலும் மகளோ மருமகளோதான். பரிசோதனைப் படுக்கையைச் சுவரோடு ஒட்டும்போது நோயாளியின் வலப்பக்கம் திறந்திருக்க வேண்டும்; டாக்டர் நின்று பார்ப்பது அந்தப் பக்கத்திலிருந்துதான். சுற்றிலும் திரை. ஏறப் படி, பிடிக்கக் கம்பி.

கழிப்பறைக்கு ஒன்றுதான் இடம் என்றால் வெஸ்டர்ன். இரண்டு முடிந்தால் இன்னொன்று இந்தியன். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் எடுக்க முடிய வேண்டும். உள்ளே மயங்கி விழுந்தவரே கதவுக்குத் தடையாகிவிடக் கூடாது. சாம்பிள் டப்பா வைக்க ஒரு தட்டு. டைல்ஸ் பளபளப்பில்லாத மேட் வகை. சர்க்கரை நோயாளிகள் சாப்பிட்டபின் எடுக்கும் ரத்தத்துக்கு இரண்டு மணி நேரம் காத்திருப்பார்கள். கழிப்பறையும் குடிதண்ணீரும் அவர்கள் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.

மருந்துக்கடையும் சேர்த்து வைக்க நினைத்தால் சட்டப்படி அதற்கு மட்டும் குறைந்தது 10 சதுர மீட்டர், ஏறக்குறைய 108 சதுர அடி வேண்டும். அதை ஹாலிலிருந்து வெட்டி எடுக்காதீர்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு வீல்சேரை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்து, அதில் ஒரு ஆளை உட்கார வைத்து, தெருவிலிருந்து டாக்டர் அறைக்கும் அங்கிருந்து கழிப்பறைக்கும் தள்ளிப் பாருங்கள். எங்கே தூக்க வேண்டியிருந்தது, எங்கே இடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைச் சரிசெய்யும் செலவை வாடகை பேசும்போதே உரிமையாளரிடம் பேசி முடித்துவிடுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு அவர் இறங்கி வர மாட்டார்.