ஊருணிக் கல்லில் எந்தச் சொல்?

கேள்வி: எங்கள் ஊரில் தலைக்கட்டு வரி போட்டு ஊருணியைத் தூர்வாரினோம். வெளியூரில் பிழைக்கப் போனவர்களும் பணம் அனுப்பினார்கள். கரையில் கல் நடப்போகிறோம். ‘ஊராரின் ஈகையால்’ என்று எழுதலாமா? ‘ஒப்புரவால்’ என்பதே சரி என்கிறார் தமிழாசிரியர். இரண்டும் ஒன்றுதானே?
– ஒரு வாசகர், திருச்சுழி வட்டம்

பதில்: தமிழாசிரியர் சொல்வதே சரி. திருக்குறளில் ஒப்புரவறிதல் 22-ஆம் அதிகாரம், ஈகை 23-ஆம் அதிகாரம். அடுத்தடுத்து வந்தாலும் இரண்டும் வேறு. இல்லாதவருக்குக் கொடுப்பதே ஈகை. திரும்பி வரும் என்று கொடுப்பதை வள்ளுவர் அதில் சேர்க்கவில்லை. நோட்டில் எழுதிவைத்துத் திருப்பிச் செய்யும் மொய் நல்ல வழக்கம்தான், ஆனால் ஈகை ஆகாது. ஒப்புரவோ, ஊரில் தானும் ஒருவன் என்று அறிந்து, தன்னிடம் இருப்பதை ஊருக்கும் உரியதாக்குவது.

அறிவுடையவனின் செல்வத்துக்கு வள்ளுவர் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் காட்டும் உவமையே நீர் நிறைந்த ஊருணிதான். உங்கள் பக்கத்தில் இதை விளக்கவே வேண்டாம். கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு, ஊருணித் தண்ணீர் குடிக்க. குளிக்காமல், துவைக்காமல் அதைக் காப்பது ஊர்க் கட்டுப்பாடு. கோடையில் கலங்கலாக முகந்து வந்தாலும், பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசித் தெளியவைத்துக் குடித்தார்கள். ஊருணி வெட்டியவருக்கு நன்றி சொல்லிவிட்டு யாரும் குடம் நிறைப்பதில்லை. அது அவரவர் தண்ணீர். ஒப்புரவில் வாங்குபவர் என்று தனியாக ஒருவர் இல்லை.

‘ஒப்பு’ இல்லாமல் ஒப்புரவு இல்லை. சாதி பார்த்துச் சிலரைத் துறையில் இறங்கவிடாத ஊருணிகளும் இருந்தன. 1927-இல் மகாராஷ்டிரத்தின் மகாடில் அம்பேத்கர் பொதுக்குளத்து நீரை அள்ளிக் குடித்ததும் தண்ணீரில் எல்லோருக்கும் உள்ள உரிமைக்காகத்தான். விலக்கிவைத்த இடத்தில் எவ்வளவு பணம் கொட்டியிருந்தாலும் அது ஒப்புரவு ஆகாது.

பேச்சில் இந்தச் சொல் அருகிவிட்டது. ஆத்திசூடி படித்தவர்களுக்குத் தெரியும். கத்தோலிக்கர் ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்கிறார்கள். அங்கே கடவுளோடும் மனிதரோடும் மீண்டும் ஒன்றுபடுவது பொருள்.

‘ஊராரின் ஒப்புரவால் தூர்வாரிய ஊருணி’ என்று எழுதி, ஆண்டைப் போடுங்கள். தனியொருவர் வாங்கித் தந்த விளக்குக்கு வழக்கம்போல ‘உபயம்’ போதும். ஆனால் ஊருணிக் கல்லில் கொடுத்த தொகையை வைத்துப் பெயர்களை மேலும் கீழும் அடுக்காதீர்கள். நூறு ரூபாய் தந்த வீடும் லட்சம் தந்த வீடும் தண்ணீர் எடுக்க இறங்குவது ஒரே படியில்தான்; ஊர்ப் பெயர் ஒன்றே எல்லோருக்கும் போதும்.